தலைப்பிரசவ வீடு: குழந்தை வருவதற்குள் எடுத்துவைக்க வேண்டியவை

காவிரிப் படுகையில் பல வீடுகளில், பிறக்காத குழந்தைக்குச் சட்டை வாங்கி வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அந்த நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் ஒரு மாதத்துக்குக் குழந்தைக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி கடையில் இல்லை, உங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. சட்டை, தொப்பி, கிலுகிலுப்பை எல்லாம் பிறந்த பிறகு சித்தப்பா ஒரு நடை கடைக்குப் போனால் வந்துவிடும். தள்ளிப்போடக் கூடாதது வேறு: துணி, படுக்கை, தண்ணீர், வீட்டின் சுத்தம், எல்லோரும் ஒப்புக்கொண்ட சில முடிவுகள். மருத்துவர் சொன்ன தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே வலி எடுப்பது சாதாரணம். ஆகவே எட்டாம் மாதம் முடியும்போது இந்த வேலைகளும் முடிந்திருக்க வேண்டும்.

எந்த வீடு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்கு வந்துவிடுவாள். கணவர் தஞ்சாவூரில் தொட்டில் மாட்டிக் காத்திருப்பார். குழந்தையோ முதல் மூன்று மாதம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும். தயாராக வேண்டியது அந்தக் கிராமத்து வீடு. பெண்ணோடு சேர்ந்து அவளுடைய தாய்சேய் நல அட்டையும், ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்களும், கர்ப்பத்தைப் பதியும்போது கொடுக்கும் ஆர்.சி.எச். எண்ணும் இடம் மாற வேண்டும். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்கிறார்கள். ஊருக்கு வந்த வாரமே கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். பிரசவம் நடக்கப்போகும் மருத்துவமனையில் வலி எடுப்பதற்கு முன்பே ஒரு முறையாவது காட்டிவிடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, முந்தைய அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால், தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்கோ போக வேண்டியிருக்குமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். நள்ளிரவில் கேட்கும் கேள்வி இல்லை இது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பதிந்திருந்தால், வங்கிக் கணக்குப் புத்தகமும் ஆதாரும் மேலே சொன்ன தாள்களோடு ஒரே உறையில் இருக்கட்டும். உறையை எங்கே வைத்திருக்கிறது என்று வீட்டில் இன்னும் ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

பழைய வேட்டிதான் முதல் சாமான்

தாத்தாவின் துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டியைவிட நல்ல இடுப்புத் துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஈரத்தை உடனே உறிஞ்சும், சீக்கிரம் காயும், பிறந்த குழந்தையின் தோலை உரசாது. ஒரு நாலு முழ வேட்டியின் கரையைக் கிழித்து எடுத்துவிட்டு, நீளவாக்கில் மூன்றாகவும் அகலத்தில் இரண்டாகவும் கிழித்தால், பக்கத்துக்கு இரண்டடி அளவில் ஆறு சதுரம் வரும். எட்டு முழத்தில் பன்னிரண்டு. கத்தரிக்கோல் வேண்டாம், ஓரத்தில் சின்னதாக வெட்டிவிட்டு இழுத்தால் நூல் போன போக்கில் நேராகக் கிழியும். தடித்த மடிப்புத் தையல் போட வேண்டாம், அது தொடையில் பதியும். ஆனால் ஓரத்தில் தொங்கும் நூல்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிடுங்கள். தொங்கும் நூலோ தலைமுடியோ குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். காரணமே தெரியாமல் வீறிட்டு அழும் குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இந்த வேலையில் எல்லோரும் கவனிக்காமல் விடும் ஆபத்து ஒன்று உண்டு: அந்துருண்டை. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே போட்டு வைக்கும் அந்த வெள்ளை உருண்டை நாப்தலீன். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும்; பார்த்தால் தெரியாது. அந்தக் குழந்தைகளை நாப்தலீன் ஏறிய துணியில் சுற்றினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை கடுமையாகிவிடும். மருத்துவமனையில் வைத்து ரத்தம் மாற்றும் அளவுக்குக்கூடப் போகலாம். ஆகவே அந்துருண்டை போட்ட பெட்டித் துணியைக் குழந்தைக்கு எடுக்காதீர்கள். அன்றாடம் கட்டிப் புழங்கி, கொடியில் காய்ந்த வேட்டியையும் புடவையையும் எடுங்கள். குழந்தை இருக்கப்போகும் அறையின் அலமாரியிலிருந்தும் உருண்டைகளைப் பொறுக்கி வெளியே போட்டுவிடுங்கள். கற்பூரத்துக்கும் இதுதான் விதி.

எத்தனை துணி வேண்டும் என்பது பிரசவ மாதத்தைப் பொறுத்தது. சித்திரை, வைகாசியில் இரண்டு டஜன் போதும்; துவைத்துப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மூன்று நாள் ஆனாலும் துணி காயாது. அப்போது நான்கு டஜன் இருந்தால்தான் நிம்மதி. மின்விசிறிக்குக் கீழே கொடி ஒன்று கட்டி வையுங்கள். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஈரவாடை இருந்தால் இஸ்திரி போட்டுவிட்டுக் கட்டுங்கள். சாம்பிராணிப் புகை காட்டித் துணி காயவைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மழைநாளில் இரவுக்கு மட்டும் டயப்பர் போடுவதில் தவறில்லை. அப்போதும் மூன்று நான்கு மணிக்கொரு முறை மாற்றுங்கள்.

துணியோடு இவையும் சேரட்டும்: ரப்பர் ஷீட் இரண்டு, அதன்மேல் விரிக்க நான்காக மடித்த பருத்திப் புடவைகள், குளித்ததும் ஒற்றியெடுக்க மெல்லிய துண்டுகள், மூடி போட்ட வாளி ஒன்று. பிறந்த பின் வாங்கும் சட்டை முன்பக்கம் முடிச்சுப் போடுவதாக இருக்கட்டும். பித்தான், ஊக்கு, தலைவழியே மாட்டும் சட்டை மூன்றும் வேண்டாம். புதுத் துணியைத் துவைக்காமல் போடக் கூடாது.

படுக்கை, தூளி, கொசுவலை

படுக்கை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். கோரைப்பாய்மேல் மடித்த கெட்டிப் போர்வை, அதன்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பருத்தித் துணி. இவ்வளவே போதும். தலையணை வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று கடுகு அடைத்த தலையணையோ, இரண்டு பக்கமும் அண்டக்கொடுக்கும் திண்டோ, உள்ளே அமுங்கும் இலவம்பஞ்சு மெத்தையோ வேண்டாம். அவற்றில் மூக்குப் புதைந்தால் பிறந்த குழந்தையால் தலையைத் திருப்ப முடியாது. எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

தூளி கட்டாத வீடு நம் பக்கத்தில் இல்லை. கட்டுங்கள், ஆனால் ஒழுங்காகக் கட்டுங்கள். உத்தரத்தில் இருக்கும் கொக்கி எத்தனை வருடத்துத் துரு என்று யாருக்கும் தெரியாது. வயதுவந்த ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்க்கட்டும். சுருள்வில் போட்டுத் தொங்கவிடுவதானால் வில்லைப் புதிதாக வாங்குங்கள். துணி பருத்திப் புடவையாக இருக்க வேண்டும். பட்டும் நைலானும் முடிச்சில் வழுக்கும், காற்றும் புகாது. உள்ளே தொட்டில் கம்பு கொடுத்துத் துணியை விரித்து வைத்தால் முகத்தின்மேல் மூடாது. அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரக் கூடாது. கீழே எப்போதும் ஒரு மெத்தை கிடக்கட்டும். தூளிக்குள் குழந்தையின் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் முட்டும் வாய்ப்பு இருப்பதால், பெரியவர் ஒருவர் விழித்துப் பக்கத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் தூளி. இரவுத் தூக்கம் தாய்க்குப் பக்கத்தில், சமதளப் படுக்கையில். குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் மருத்துவர் சொல்லும்வரை தூளியே வேண்டாம். சீர்காழிப் பக்கம் தைக்காலில் முடையும் பிரம்புத் தொட்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. அடி சமமாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள், பிரம்பு முனை துருத்தாமல் விரலால் தடவிப் பாருங்கள்.

கொசுவலை, வெயிலோ மழையோ, எல்லா மாதத்துக்கும் வேண்டும். வாய்க்காலும் நாற்றங்காலும் சூழ்ந்த ஊரில் குடைபோல் விரியும் வலை ஒன்று, தாயும் சேயும் சேர்ந்து படுக்கும் பெரிய வலை ஒன்று என இரண்டு இருந்தால் பகலும் இரவும் சமாளிக்கலாம். கொசுவர்த்திச் சுருளும், வேப்பிலை மூட்டமும், தலைக்குச் சாம்பிராணியும் பிறந்த குழந்தையின் நுரையீரலுக்கு ஒரே புகைதான். ஜன்னலுக்கு வலை அடித்துவிட்டால் இந்தப் புகை எதுவும் வேண்டியதில்லை.

குளியலுக்கு

பிறந்து ஒரு நாள் கழியும்வரை குளிப்பாட்டக் கூடாது. தொப்புள்கொடி விழும்வரை வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைத்தெடுத்தால் போதும். அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழுந்துவிடும். தொப்புளில் மஞ்சளோ, சாம்பலோ, பவுடரோ, எண்ணெயோ வைக்கக் கூடாது. அதைக் காயவிடுவது ஒன்றுதான் வைத்தியம். இடுப்புத் துணியைத் தொப்புளுக்குக் கீழே கட்டுங்கள்.

எங்கிருந்து தண்ணீர் எடுப்பது என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். கடலோரத்தில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருக்கும். உள்ளே சில ஊர்களில் வாளியில் பிடித்து வைத்தால் செம்பழுப்பாகப் படியும். குழந்தையின் குளியலுக்கு மட்டும் குடிநீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்துவது பெரிய செலவு இல்லை. அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றும், சாயமும் வாசனையும் குறைந்த சோப்பு ஒன்றும் போதும். மேலுக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய் நல்லது.

அம்மாயி காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் கைப்பழக்கம் அருமையானது. கொடி விழுந்த பிறகு அவரிடமே விடுங்கள். ஆனால் மூக்கில் ஊதுவது, காதிலும் கண்ணிலும் எண்ணெய் விடுவது, தொண்டைக்குள் விரல்விட்டுச் சளி எடுப்பது, மார்பைப் பிதுக்குவது ஆகிய நான்கும் கூடாது. இதைக் குழந்தை கையில் இருக்கும்போது சொன்னால் மனத்தாங்கல் வரும். எட்டாம் மாதத்தில், செவிலியர் வீட்டுக்கு வரும் நாளில், அவர் வாயால் சொல்லவைத்தால் அம்மாயியும் கேட்டுக்கொள்வார்.

பாலுக்கு என்ன வேண்டும்

குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், ஆறு மாதம்வரை தண்ணீர்கூட. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். அறுவை சிகிச்சையானாலும் செவிலியர் துணையோடு கொடுக்கலாம். சர்க்கரைத் தண்ணீரிலோ தேனிலோ சேனை தொட்டு வைக்க ஆசைப்படும் தாத்தாவிடம் இப்போதே பேசுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சுப் பாதிப்பு வரலாம். குழந்தையின் காதில் முதலில் பெயர் சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். சேனையைவிடப் பெரிய மரியாதை அது. கழுதைப்பால், உரைமருந்து, நாக்கில் தடவும் வசம்பு, கிரைப் வாட்டர் எல்லாம் இதே கணக்கில் சேரும். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் வாங்கி வந்த விளக்கெண்ணெய் தாயின் வயிற்றில் தடவத்தான். மிச்சத்தைக் குழந்தையின் வாயில் விடக் கூடாது.

பால்புட்டியை முன்னதாக வாங்கி வைக்காதீர்கள். புட்டிக்கும் பால்மாவுக்கும் விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லை என்றால் தாய்ப்பாலைக் கறந்து பாலாடையில், அதாவது மூக்குள்ள சிறு கிண்ணத்தில், புகட்டச் சொல்வார்கள். ஆகவே மூக்கு மழுங்கிய எவர்சில்வர் பாலாடை ஒன்றும் மூடியோடு கிண்ணம் இரண்டும் எடுத்துவையுங்கள். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு எடுங்கள். கறந்த பால் வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

தாயின் சாமான்தான் பல பட்டியல்களில் விட்டுப்போகிறது. முன்பக்கம் திறக்கும் நைட்டி நான்கு, பெரிய அளவு நாப்கின்கள், வெந்நீர் பிளாஸ்க், சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க முதுகுத் தலையணை, செவிலியர் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள். பிரசவமான பெண் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று செம்பை ஒளித்து வைப்பது கொடுமை. தாகம் தீரக் குடிக்கட்டும். பூண்டும், முருங்கைக்கீரையும், நாகப்பட்டினம் பக்கத்துப் பால்சுறாப் புட்டும் உடம்புக்குச் சத்துதான். பத்தியம் என்ற பெயரில் இரண்டு வாரம் வெறும் ரசம்சோறு போடுவதில் எந்த நியாயமும் இல்லை.

மருத்துவமனைப் பை

எட்டாம் மாதம் முடியும்போதே கட்டி வாசல் அறையில் வைத்துவிடுங்கள். தாள்கள் உள்ள உறை, இரண்டு செட் இடுப்புத் துணி, சுற்றியெடுக்க இரண்டு மெல்லிய புடவைத் துண்டு, நைட்டி, நாப்கின், துண்டு, சோப்பு, டம்ளர், பிளாஸ்க், செல்போன் சார்ஜர், சில்லறையாகக் கொஞ்சம் பணம். அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கென்று 2015-இல் 16 பொருட்கள் கொண்ட பெட்டகம் தொடங்கப்பட்டது. துண்டு, சட்டை, சிறு படுக்கை, வலை, நகவெட்டி, எண்ணெய், சோப்பு எல்லாம் அதில் வைத்தார்கள். உங்கள் மருத்துவமனையில் இப்போது என்ன தருகிறார்கள் என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டால் இரட்டைச் செலவு மிச்சம்.

மருத்துவமனையிலிருந்து கிளம்புமுன் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி ஆகிய மூன்று தடுப்பு மருந்துகளும் போட்டாயிற்றா என்று அட்டையில் பாருங்கள். அடுத்தது ஆறாவது வாரம். வைட்டமின் டி சொட்டு மருந்தைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனையிலிருந்து தாயையும் சேயையும் 102 வாகனம் இலவசமாக வீட்டில் கொண்டுவந்து விடும். தையல் போட்ட பெண்ணையும் இரண்டு நாள் குழந்தையையும் மோட்டார் சைக்கிளில் ஏற்ற வேண்டாம்.

வயல் வீட்டுக்குத் தனிக் கவனம்

வேளாண் வீடுகளில் பூச்சிமருந்து டப்பாவும் தெளிப்பானும் கூடத்து மூலையில்தான் இருக்கும். குழந்தை வருவதற்கு முன் அவற்றைப் பூட்டு உள்ள வெளிக்கொட்டகைக்கு மாற்றுங்கள். மருந்து தெளித்துவிட்டு வருபவர் குளித்து உடைமாற்றிய பிறகே குழந்தையைத் தொட வேண்டும். அந்த உடையை இடுப்புத் துணியோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது அறுவடை இயந்திரத்தின் தூசும் வைக்கோல் துகளும் வீட்டுக்குள் அலையும். நெல் காயும் களம் வாசலிலேயே இருந்தால் குழந்தைக்குப் பின்கட்டு அறையை ஒதுக்குங்கள். வாசலில் தண்ணீரும் சோப்பும் வைத்து, வருகிறவர் யாராக இருந்தாலும் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே. சளி, இருமல் உள்ளவர்கள் புண்ணியாகவாசனத்தன்றுகூடத் தள்ளியே நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.

கார்த்திகைக் குழந்தை என்றால் மழையையும் மின்வெட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரைகடந்த பிறகு, டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. சார்ஜ் ஏற்றும் விளக்கு, பேட்டரி விசிறி, மூடிய குடத்தில் குடிநீர், விறகோ நிரம்பிய சிலிண்டரோ தயாராக இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால், தாழ்வான ஊரிலோ கொள்ளிடக் கரையிலோ இருப்பவர்கள் தேதி நெருங்கிய பெண்ணை மருத்துவமனை இருக்கும் நகரத்து உறவினர் வீட்டுக்கு முன்னதாகவே அழைத்துப் போய்விடுவது புத்திசாலித்தனம்.

வாங்காமல் விடலாம்

முகப்பவுடர், கண்மை, கை உறை, நடைவண்டி, வாசனைத் துடைப்பான்கள், சுற்றிச் சுழலும் பொம்மை. பவுடர் மூச்சில் ஏறும். சில கண்மைகளில் ஈயம் உண்டு. திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டுமென்றால் உள்ளங்காலில் வையுங்கள், குழந்தை வாயில் போட முடியாது. கழுத்தில் கயிறோ மணியோ கட்ட வேண்டாம். அரைஞாண் கட்டினால் இரண்டு விரல் நுழையும் தளர்ச்சி வேண்டும்.

சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, குழந்தை படுக்கும் அறைச் சுவரில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் தொங்கட்டும். கீழே உள்ளவற்றில் எதுவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது:

– பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் எழாதது.
– ஒரு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழிவிழுவது.
– காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல். அல்லது கை, கால், வயிறு எல்லாம் சில்லிட்டுப் போவது.
– முதல் நாளிலேயே மஞ்சள் தெரிவது. எந்த நாளானாலும் உள்ளங்கை, உள்ளங்கால்வரை மஞ்சள் இறங்குவது. காலை வெயிலில் காட்டினால் சரியாகும் என்று இருந்துவிட வேண்டாம்.
– வலிப்பு, உதடு நீலமாவது, பச்சை வாந்தி.
– தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ், நாற்றம்.

ஐந்தாறு நாள் ஆன பிறகு நாளொன்றுக்கு ஆறு துணியாவது நனைந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். குறைந்தால் அன்றே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

தாளின் அடியில் 108, அதற்கடுத்து மருத்துவ ஆலோசனைக்கு 104, செவிலியரின் எண், இரவில் கார் எடுத்துவரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரின் எண். அவரிடம் ஒரு வார்த்தை இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். இன்னும் ஒரு வரி: பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். பதிவாயிற்றா என்று நீங்கள் ஒரு முறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பெயர் முடிவாகவில்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.